மூன்றாவது இடைவெளி

அத்தியாயம் 11

கேமராவைத் தாங்கும் முக்காலி நாகராஜின் தோளில் இறங்கியது. மடக்கென்று ஏதோ முறிந்தது. முறிந்தது எலும்பா, கட்டையா என்று வாசலில் நின்ற துப்பறியும் ஜெயபாரதிக்குத் தெரியவில்லை.

"கட்டைதான் மேடம், பயப்படாதீங்க!" என்று கத்தியபடியே அவளுடைய உதவியாளன் நாகராஜ் அந்த முரடனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டான்.

வலியுல்லா ஸ்டூடியோவின் தரை முழுவதும் கண்ணாடிச் சில்லுகள். இருவரும் அவற்றின் மேலேயே புரண்டார்கள். ஸ்டூடியோக்காரர் வலியுல்லா, பூங்கா வரைந்த திரைச்சீலைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். அவர் தலையிலிருந்து தெறித்த ரத்தம் சீலையில் நீந்திக்கொண்டிருந்த அன்னத்தின் கழுத்துவரை போயிருந்தது.

முரடன் கனமானவன். நாகராஜின் தொண்டையில் முழங்காலை ஊன்றி, கையில் அகப்பட்ட கண்ணாடித் துண்டை ஓங்கினான். ஜெயபாரதி யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. குழந்தைகளை உட்கார்த்திப் படமெடுக்கும் ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். அவன் சீறிக்கொண்டு திரும்பினான். நாகராஜுக்கு அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. எட்டி, அவன் காதில் மின்னிய கடுக்கனைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அந்த அலறல் கபாலி கோயில் குளம்வரை கேட்டிருக்கும். முரடன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். தயாராக நின்ற ஸ்கூட்டரில் இன்னொருவன் இருந்தான். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

நாகராஜ் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தான். வெள்ளைக் கல் கடுக்கன். அதோடு கொஞ்சம் சதையும் வந்திருந்தது.

"எங்க வூட்டுக்காரி கம்மல் கேட்டுக்கினே இருந்தா மேடம். ஒரு காதுக்கு ஆச்சு."

"வாயை மூடிக்கிட்டு முதுகைக் காட்டு" என்றாள் ஜெயபாரதி. அவன் சட்டையில் குத்தியிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குரலில் அதட்டல் இருந்ததே தவிர, விரல்கள் தம்பியின் முள்ளை எடுக்கும் அக்காவின் விரல்களாக இருந்தன.

அவள் தேடி வந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. அதைத் தேடி அவளுக்கு முன்பே ஒருவன் அடியாளை அனுப்பிவிட்டான் என்றால், அந்தப் படத்தில் ஏதோ இருக்கிறது.

மயிலாப்பூர் குளத்தங்கரை ஹைஸ்கூலில் நாற்பத்து நாலாம் வருஷம் படிப்பை முடித்தவர்கள் முப்பது வருஷம் கழித்துப் போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய பள்ளிக்கூடத்திலேயே ஒன்றுகூடினார்கள். சனிக்கிழமை மதியம் பந்தி. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரத்தைப் பார்த்து, "டேய் வெளக்குமாறு! பாயசம் போதுமாடா?" என்று சிரித்தார். பஞ்சாட்சரத்தின் அம்மா அந்தப் பள்ளியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள். முப்பது வருஷத்துக்கு முன்பு அந்தப் பெயரைச் சகித்துக்கொண்டவர் அன்றைக்குச் சகிக்கவில்லை. இலையைத் தாண்டிக் குதித்து, சிதம்பரநாதனின் வாயில் ஒரு குத்து விட்டார். "இன்னொரு தபா சொன்னே, கொன்னுடுவேன்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியேறிப் போனார்.

அதற்குப் பிறகு சிதம்பரநாதனையும் காணவில்லை. அவமானத்தில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நண்பர்கள் நினைத்தார்கள். நண்பர்களோடு பள்ளியிலேயே தங்கிவிட்டார் என்று வீட்டில் நினைத்தார்கள். மறுநாள் காலையில் டிரில் ஷெட்டைத் திறந்தபோது அவர் கிடந்தார். பக்கத்தில் கர்லாக்கட்டை. முகம் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. மோதிரத்தை வைத்துத்தான் அவர் மனைவி சீதா அடையாளம் சொன்னாள்.

பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருக்கும் பஞ்சாட்சரம் அன்றிலிருந்து லாக்கப்பில் இருக்கிறார். இதற்குள் முன்பல் மூன்று போய்விட்டது. இன்று செவ்வாய்க்கிழமை. "சாயங்காலத்துக்குள்ளே ஒத்துக்குவான்" என்று இன்ஸ்பெக்டர் அலட்சியமாகச் சொன்னதை, ஸ்டேஷன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த தேவானையும் கேட்டாள். பஞ்சாட்சரத்தின் மனைவி. உள்ளேயிருந்து ஒவ்வொரு சத்தம் வரும்போதும் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். அவளுக்காகத்தான் ஜெயபாரதி இந்த வழக்கை எடுத்தாள்.

வலியுல்லாவுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தது.

"நெகட்டிவ் எல்லாம் உடைச்சுட்டாம்மா" என்று முனகினார்.

"ஒரு பிரிண்ட்கூட இல்லையா பாய்?"

அவருடைய விரல் மேலே காட்டியது. "மாடியில... கண்ணாடியில ஒட்டிக் காயவச்சிருக்கேன். வெயில்ல வச்சாத்தான் பளபளப்பு வரும்."

நாகராஜ் படிகளில் பாய்ந்தான். திரும்பி வந்தபோது அவன் கையில் முழுசாக ஒரு படம் இருந்தது. அதே மாணவர்களை நாற்பத்து நாலில் எடுத்த பழைய படம் ஸ்டூடியோவின் ஷோகேஸிலேயே மாட்டியிருந்தது. ஜெயபாரதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அதே ஆளுங்க, அதே படிக்கட்டு" என்று நாகராஜ் குனிந்து பார்த்தான். "அப்போ தலையில முடி, இப்போ வயித்துல தொந்தி. இடம் மாறிக்கினு கீது, அவ்ளோதான்."

"முடியை விடு. நிக்கிற இடத்தைப் பாரு. அவங்கவங்க பழைய இடத்துலயே நிக்கறாங்க."

"ஆமாம்மா" என்றார் வலியுல்லா, தலையில் துணியை அழுத்திக்கொண்டே. "பழைய மாணவர் சங்க ஸெக்ரட்டரி நல்லசிவம் சார்தான் பழைய படத்தைக் கையில வச்சுக்கிட்டு எல்லாரையும் நிறுத்தினார். செத்துப்போனவங்க இடத்தை மட்டும் காலியா விடுங்க, அவங்களும் நம்மகூட நிக்கட்டும்னார். வராதவங்க, பாதியில போனவங்க இடத்துல மத்தவங்க நெருங்கி நிக்கணும். நல்ல மனுஷன்மா. அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிடுச்சு."

"செத்தவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். ஒருத்தர் சீனச் சண்டையில, இன்னொருத்தர் காமாலையில."

ஜெயபாரதி விரலால் தடவிப் பார்த்தாள். நடுவரிசையில் ஓர் இடைவெளி. அதே வரிசையில் தள்ளி இன்னொன்று. பழைய படத்தில் அந்த இடங்களில் நின்ற இருவரும் செத்தவர்கள். கணக்கு சரி. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தவர்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் உட்கார வேண்டிய இடம் அது. அவர் போய்விட்டதால் அடைத்துவிட்டார்கள்.

பின்வரிசைக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

"நாகராஜ், இங்கே பாரு."

பின்வரிசையின் வலது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அந்த இடைவெளி வழியாகப் பள்ளிக்கூடத்துச் சுவர் தெரிந்தது.

"மூணாவது காலி. பழைய படத்துல அங்க நிக்கறது..." நாகராஜ் குனிந்து பார்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்தான். "சிதம்பரநாதன்."

"படம் எடுத்தது சனிக்கிழமை சாயங்காலம். அவர் கோபிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார்னு அப்போ எல்லாரும் நினைச்சாங்க. அப்படின்னா அந்த இடத்தையும் அடைச்சிருக்கணும். பஞ்சாட்சரம் இடத்தை அடைச்ச மாதிரி. ஆனா யாரோ ஒருத்தர் அதைச் செத்தவனோட இடமா நினைச்சு விட்டிருக்கார். மறுநாள் காலையில மத்தவங்களுக்குத் தெரியப்போற விஷயம், அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

நாகராஜ் விசிலடிக்க வாயைக் குவித்தான். உதடு கிழிந்திருந்ததால் காற்றுதான் வந்தது.

"பக்கத்துல ரெண்டு பேர்தான் மேடம். இந்தாண்ட நல்லசிவம். அந்தாண்ட, கடைசி ஆளு, ஷாஹுல் ஹமீது."

ஜெயபாரதி யோசித்தாள். நல்லசிவத்தை அவளுக்குத் தெரியும். தேவானைக்கு வக்கீல் ஏற்பாடு செய்தது அவர்தான். ஸ்டேஷனுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வந்து, "சாப்பிடும்மா, உன் புருஷன் அப்பிடிப்பட்டவன் இல்லே" என்று தேவானையிடம் சொன்னவர். அடுத்த மாதம் அவர் மகள் தங்கபுஷ்பத்துக்கும் சிதம்பரநாதன் மகன் சண்முகசுந்தரத்துக்கும் கல்யாணம். சம்பந்தி ஆகப்போகிறவன் செத்ததற்கு அவர் அழுத அழுகையை அவள் பார்த்திருக்கிறாள்.

"சட்டம் போட்டவரே அதை மறப்பாரா? வரிசையோட கடைசியில நின்னவர் ஓர் அடி நகர்ந்தா இடைவெளி மூடியிருக்கும். ஷாஹுல் ஹமீது ஏன் நகரலை? வா, மந்தைவெளியில அவரோட மரவாடிக்கு."

"டாக்டர்கிட்ட போவோம்னு சொல்வீங்கன்னு பார்த்தேன்."

பக்கத்துக் கடைக்காரரிடம் வலியுல்லாவை ஒப்படைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஜெயபாரதி தன் பழைய ஹெரால்டு காரைக் கிளப்பினாள்.

மந்தைவெளி மரவாடியில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பனியனும் லுங்கியுமாக, தேக்குக் கட்டை ஒன்றைத் தோளில் தாங்கி வந்தவர்தான் ஷாஹுல் ஹமீது. ஆறடிக்கு மேல் உயரம்.

"சனிக்கிழமை எடுத்த படத்தைப் பத்திக் கேக்கணும்" என்றாள் ஜெயபாரதி.

"படமும் வேணாம், பேச்சும் வேணாம். செத்தவன் என் கூட்டாளி. போய்ட்டு வாங்க."

அவர் திரும்பி நடந்தார். நாகராஜ் அவர் தோளைத் தொட்டான். அடுத்த கணம் அவன் மரத்தூள் குவியலில் தலைகீழாகக் கிடந்தான்.

"மேடம்" என்று தூளைத் துப்பினான். "பாய் கோச்சுக்கினாரு போல கீது."

ஜெயபாரதி ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. "அந்த வரிசையில நீங்கதான் கடைசி. உங்களுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. நெருங்கி நில்லுங்கன்னு ஸெக்ரட்டரி சத்தம் போட்டார். நீங்க மட்டும் ஏன் தள்ளி நின்னீங்க?"

ஷாஹுல் ஹமீதின் முகம் மாறியது. வாயைத் திறந்தார். அதற்குள் வாசல் கதவு உதைபட்டுத் திறந்தது.

காதைச் சுற்றித் துணி கட்டிய அதே முரடன். பின்னால் ஸ்கூட்டர்க்காரன். இருவர் கையிலும் அரிவாள். முரடன் நாகராஜைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினான். அப்புறம், வந்த வேலையை நினைத்துக்கொண்டு நேராக ஷாஹுல் ஹமீதின் கழுத்துக்கு வீசினான்.

கழுத்துக்கு வந்த வெட்டைத் தேக்குக் கட்டை வாங்கிக்கொண்டது. அரிவாள் அதில் பதிந்து நின்றது. ஆனால் ஸ்கூட்டர்க்காரனின் வெட்டு அவர் முன்கையைத் திறந்துவிட்டது. ரத்தம் மரத்தூளில் சொட்டிச் சிவப்பு மாவாகியது. நாகராஜ் இரண்டு கைநிறையத் தூளை அள்ளி ஸ்கூட்டர்க்காரனின் கண்ணில் வீசினான். கண் தெரியாமல் பின்வாங்கியவன் ரம்ப மேஜையின் மேல் சாய்ந்தான். சட்டைக் கை பல்லில் மாட்டியது. அவன் போட்ட கூச்சலைக் கேட்டு ஜெயபாரதி பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். ரம்பம் முனகிக்கொண்டே நின்றபோது அவனுடைய சட்டை மட்டுமல்ல, இரண்டு விரல்களும் மேஜையின் அந்தப் பக்கம் இருந்தன.

ஷாஹுல் ஹமீது காதறுந்தவனின் தலைமுடியைப் பிடித்து அடுக்கியிருந்த கட்டைகளில் மோதினார். மறுபடியும் மோதினார். மூன்றாவது மோதலுக்கு நாகராஜ் அவர் கையில் தொங்கினான்.

"போதும் பாய்! இவன் வாயிலேர்ந்து ஒரே ஒரு பேரு கேக்கலாம்னு இருந்தோம். நீங்க வாயையே காலி பண்ணிட்டீங்களே!"

முரடன் மூட்டையாகச் சரிந்தான். மூச்சு இருந்தது. நினைவு இல்லை. ஸ்கூட்டர்க்காரன் கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். "எனக்கு யாருன்னு தெரியாதுக்கா! அவன் கூப்ட்டான், வந்தேன்!"

ஜெயபாரதி தன் கைக்குட்டையால் ஷாஹுல் ஹமீதின் கையை இறுக்கிக் கட்டினாள். உண்மையான கொலைகாரனை யாரும் ஆள் வைத்து வெட்ட வரமாட்டார்கள். அவர்மேல் அவளுக்கிருந்த சந்தேகம் அந்த முடிச்சோடு முடிந்துபோனது.

"இப்போ சொல்லுங்க பாய். ஏன் நகரலை?"

"நகரத்தாம்மா போனேன்." அவர் பெருமூச்சு விட்டார். "நல்லசிவம் கையை நீட்டி என் நெஞ்சுல வச்சுத் தடுத்தான். 'அங்கேயே நில்லுடா, அது சிதம்பரம் இடம்'னான். சம்பந்தி ஆகப்போறவங்க, பாசத்துல சொல்றான்னு நினைச்சேன். மறுநாள் பொணத்தைப் பார்த்த பின்னாடிதான் எனக்குள்ள ஏதோ உறுத்துச்சு. கூடப் படிச்சவனை எப்பிடிம்மா காட்டிக் கொடுக்கறது? அதான் போங்கன்னேன்."

"அவர்கிட்ட வேற ஏதாவது வித்தியாசமா இருந்ததா?"

"காலையில போட்டிருந்த சட்டை இல்லை, வேற சட்டை. பாயசம் கொட்டிடுச்சுன்னான்."

"அவர் இலையில பாயசம் போட்டாங்களா?"

ஷாஹுல் ஹமீது அவளை வெறித்துப் பார்த்தார். "அவனுக்குச் சக்கரை வியாதிம்மா. பாயசத்தைத் தொடமாட்டான்."

மரவாடி ஆட்களிடம் அந்த இருவரையும் ஒப்படைத்து, போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்யச் சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். போகிற வழியில் தேனாம்பேட்டையில் தன் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, ஜெயபாரதி மாடிக்கு ஓடிப் போய் ஒரு பழுப்புக் கவரோடு திரும்பினாள். நாகராஜ் அதை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

தி. நகரில் சிதம்பரநாதனின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கூடத்தில் அவருடைய படத்துக்கு மாலை. படத்தின் முன் இடுப்புயரப் பித்தளைக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரோரம் சீதா, யாரோ கழற்றிப் போட்ட துணிபோல உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்த நல்லசிவம் ஜெயபாரதியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்கம்மா. பஞ்சாட்சரம் விஷயமா வக்கீல்ட்ட பேசிட்டேன். அவன் பொண்டாட்டி கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. எது வந்தாலும் அவளை நான் பாத்துக்கிடுதேன்."

"எது வந்தாலும்னா, அண்ணாச்சி? தூக்கு வந்தாலுமா?"

ஜெயபாரதி கவரை நீட்டினாள். "சனிக்கிழமை எடுத்த படம். ஸ்டூடியோவுல ஒண்ணுதான் மிஞ்சிச்சு. சீதாம்மாகிட்ட காட்டலாம்னு கொண்டு வந்தேன்."

நல்லசிவம் கவரை வாங்கினார். ஒரு கணம் அதன் கனத்தைப் பார்த்தார். அப்புறம் அப்படியே இரண்டாகக் கிழித்து, நான்காகக் கிழித்து, விளக்கின் சுடரில் காட்டினார். தீ பற்றியதும் தாம்பாளத்தில் போட்டார்.

"துக்க வீட்ல இதெல்லாம் எதுக்கும்மா? மதினி தாங்குவாளா?"

"பிரிச்சே பார்க்கலையே, அண்ணாச்சி" என்றாள் ஜெயபாரதி மெதுவாக.

"ஐயோ, நம்ம டயர் கடைக்காரரு கொடுத்த காலண்டரு!" என்றான் நாகராஜ். "கண்ணன் படம் போட்டது. இந்த வருஷம் முடிய இன்னும் எவ்ளோ கீது!"

அவள் தன் பையிலிருந்து உண்மையான படத்தை எடுத்து நேரே சீதாவின் மடியில் வைத்தாள். மூன்று இடைவெளிகளையும் காட்டினாள். யார் இடம், யார் போட்ட சட்டம், யார் கை யார் நெஞ்சைத் தடுத்தது என்று சுருக்கமாகச் சொன்னாள்.

"சிதம்பரம் திரும்பி வருவான்னு நெனச்சேன்" என்றார் நல்லசிவம். "அதான் இடம் விட்டேன். இது ஒரு தப்பா?"

"பஞ்சாட்சரமும்தான் கோபிச்சுக்கிட்டுப் போனார். அவர் இடத்தை மட்டும் அடைச்சு உக்காருங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. வருவார்னு நம்பினவரோட இடத்தை விட்டீங்களா, வரவே மாட்டார்னு தெரிஞ்சவரோட இடத்தை விட்டீங்களா?"

முதல் தடவையாகச் சீதா வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை காலைல அவுக என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாக. மேற்கு மாம்பலத்துல ஒரு வீட்டு வாசல்ல உங்களைப் பாத்தாகளாம். உங்க தோள்ல ஒரு சின்னப் பிள்ளை. அது உங்களை அப்பான்னு கூப்பிட்டுச்சாம். 'இந்தக் கல்யாணம் நடக்காது சீதா, நல்லசிவத்தை நேர்ல கேட்டுட்டு வந்து பேசுதேன்'னாக." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வெளிய சொன்னா தங்கபுஷ்பம் வாழ்க்கை என்னாகும்னு நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். உங்க பொண்ணுக்காக."

சமையலறை வாசலில் தம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. காப்பித் தட்டோடு தங்கபுஷ்பம் நின்றுகொண்டிருந்தாள்.

மகளைப் பார்த்ததும் நல்லசிவத்தின் முகத்தில் ஏதோ அறுந்தது. குத்துவிளக்கை இரண்டு கையாலும் பிடுங்கிச் சீதாவின் தலைக்கு ஓங்கினார். நாகராஜ் குறுக்கே விழுந்தான். காலையில் அடிபட்ட அதே தோளில் பித்தளை இறங்கியது. இந்தத் தடவை முறிந்தது கட்டை இல்லை. எண்ணெய் சிதறி அவன் சட்டையில் தீ ஓடியது. பெண்கள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ஜெயபாரதி பாயை இழுத்து அவன்மேல் போட்டு உருட்டினாள். அதற்குள் நல்லசிவம் சீதாவின் கழுத்தை இரண்டு கையாலும் பற்றிவிட்டார். அவள் கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் அந்த விரல்கள் தளரவில்லை.

"அப்பா."

தங்கபுஷ்பம் கத்தவில்லை. அருகில் வந்து, அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"மாம்பலத்துல இருக்கற பிள்ளைக்கு என்ன பேருப்பா?"

விரல்கள் திறந்தன. சீதா இருமிக்கொண்டு சரிந்தாள். தங்கபுஷ்பம் அவளைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அப்பாவை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

நல்லசிவம் எண்ணெய் கொட்டிய தரையில் உட்கார்ந்தார்.

"உன் பொண்ணு மூஞ்சியில எப்பிடிடா முழிக்கேன்னு கேட்டான். கட்டை பக்கத்துல இருந்துச்சு. ஒரே அடிதான் அடிக்க நெனச்சேன்."

"அவர் முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாள் ஜெயபாரதி.

"வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சும்மா. அது நிக்கறவரைக்கும் அடிச்சேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "பொறவு படத்துக்கு நின்னேன். எல்லாரும் நெருங்கினாங்க. என் பக்கத்துல மட்டும் என்னால ஷாஹுலைச் சேத்துக்க முடியலை. அந்த இடத்துல எப்பவும் அவன் தோள்தான் இடிக்கும். கேமராக்காரர் மூடியை மூடின பொறவுதான் நான் என்ன செஞ்சிட்டேன்னு தெரிஞ்சுது."

சாயங்கால வெயில் இறங்குவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். நாகராஜின் கை கழுத்தோடு கட்டப்பட்டிருந்தது. மரவாடியிலிருந்து வந்த ஸ்கூட்டர்க்காரன் கைக்கட்டோடு ஒரு மூலையில் விசும்பிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்குவான்னீங்களே சார், கரெக்டா ஒத்துக்கினான்" என்றான் நாகராஜ். "ஆளுதான் வேற."

நடந்தது எல்லாவற்றையும் ஜெயபாரதி கம்பி வழியாகவே சொல்லியிருந்தாள். பஞ்சாட்சரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கண் மூடிக்கிடந்தது. உள்ளங்கால்கள் வீங்கி, ஊன்றவே முடியவில்லை. தேவானை ஓடி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது.

"வலிக்குதாய்யா?"

"இல்ல தேவானை. பல்லு இருந்தாத்தானே வலிக்கும்?"

தாழ்வாரத்து பெஞ்சியில் விலங்கோடு நல்லசிவம் உட்கார்த்தப்பட்டிருந்தார். நீளமான பெஞ்சி. அவர் நடுவில் உட்காராமல் இடது பக்கம் ஒதுங்கியிருந்தார். வலது பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம். கான்ஸ்டபிள் அங்கே உட்காரப் போனபோது, விலங்கு மாட்டிய கைகள் தாமாகவே எழுந்து தடுத்தன. ஜெயபாரதி அதைப் பார்த்தாள். பஞ்சாட்சரமும் பார்த்தார்.

அவர் தேவானையின் தோளிலிருந்து கையை எடுத்தார். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து நல்லசிவத்தின் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்து நாகராஜ் ஓர் அடி முன்னே வந்தான். ஜெயபாரதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ கொன்னவனுக்குக் கூட எடம் வுட்டு நின்னே, நைனா" என்றார் பஞ்சாட்சரம். முன்பல் இல்லாத வாயிலிருந்து சொற்கள் காற்றோடு வந்தன. "நான் உசுரோட கீறேன். என் எடத்தை அடைச்சுக்கோங்கடான்னு நீதானே கத்துனே?"

பஞ்சாட்சரம் திரும்பினார். அந்தக் காலியிடத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய தோள் நல்லசிவத்தின் தோளை இடித்தது. நல்லசிவம் இன்னும் ஓரத்துக்கு நகர்ந்தார். பஞ்சாட்சரம் அதைச் சட்டை செய்யவில்லை. இடது காலைத் தூக்கி வலது முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"தேவானை, என் செருப்பை எடுத்தாம்மா. போட்டுக்கினு வூட்டுக்குப் போலாம்."